காய்ச்சல் ஒன்றுதான், கிருமி வேறு: மாணவர்களுக்கு நுண்ணுயிரியல்

வார இறுதியில் நான் நடத்தும் அறிவியல் வகுப்பில், படிவம் ஐந்து மாணவி ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், எங்க அப்பா செம்பனைத் தோட்டத்துல வேலை செய்றாரு. போன மாசம் அவருக்குக் கடுமையான காய்ச்சல். கிளினிக்குப் போனா, டாக்டர் உடனே மருந்து கொடுக்கல. என்ன வேலை செய்றீங்க, தண்ணியில இறங்குனீங்களா, காட்டுப் பக்கம் போனீங்களான்னு கேள்வி மேல கேள்வி. அப்புறம் ரெண்டு மூணு ரத்தச் சோதனை. காய்ச்சல்னா கிருமி. கிருமியைக் கொல்ல மருந்து. அவ்வளவுதானே? எந்தக் கிருமியா இருந்தா என்ன?"

மற்ற மாணவர்களும் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறாம் ஆண்டிலும் படிவம் ஐந்திலும் நுண்ணுயிர்களின் வகைகளை மனப்பாடம் செய்கிறோம். படம் வரைகிறோம், பெயர் எழுதுகிறோம், மதிப்பெண் வாங்குகிறோம். ஆனால் அந்த வகைப்பாடு எதற்காக என்று யோசிப்பதில்லை. அந்த டாக்டர் கேட்ட கேள்விகளுக்கும் பாடநூலில் உள்ள வகைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது. மாணவர்கள் மட்டுமல்ல, பெற்றோரும் சேர்ந்து படிக்கலாம்.

எவ்வளவு சிறியது?

உங்கள் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு சிறு கோடுகளுக்கு இடையில் இருப்பது 1 மில்லிமீட்டர். அதை 1,000 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கின் பெயர் 1 மைக்ரோமீட்டர்.

நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். ரத்தத்தின் சிவப்பணு 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் அகலம். நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியா சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளம். அப்படியானால், அந்த 1 மில்லிமீட்டர் இடைவெளியில் 500 ஈ.கோலியை ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்க வைக்கலாம். டிங்கி வைரஸ் அதைவிட மிகச் சிறியது. ஒரு மைக்ரோமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். அதே இடைவெளியில் 20,000 டிங்கி வைரஸ்கள் வரிசையாக நிற்கும்.

இந்த அளவு வேறுபாடு முக்கியமானது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் நல்ல ஒளி நுண்ணோக்கியில் பாக்டீரியாவைப் பார்த்துவிடலாம். டிங்கி போன்ற வைரஸைப் பார்க்க முடியாது. அதனால்தான் உலகம் பாக்டீரியாவை முதலில் கண்டது. வைரஸைக் காண மேலும் 250 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்த லேவன்ஹுக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகள் வழியாக 1670களில் ஏரித் தண்ணீரையும் பிறகு தம் பல்லில் படிந்த அழுக்கையும் பார்த்தார். உள்ளே உயிர்கள் நெளிந்தன. ஆனால் அவை நோய் தருபவை என்பது வெகுகாலம் கழித்துத்தான் நிரூபணமானது. 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணம் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா என்று மார்ச் 24-ஆம் நாள் அறிவித்தார். இன்றும் அந்த நாள்தான் உலகக் காசநோய் நாள்.

வைரஸின் கதை புகையிலைச் செடியில் தொடங்கியது. 1892-இல் ரஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி, நோய் பிடித்த புகையிலை இலைச் சாற்றை, பாக்டீரியா நுழைய முடியாத நுண்துளை வடிகட்டியில் ஊற்றினார். வடிந்து வந்த சாறும் நல்ல செடிக்கு நோயைத் தந்தது. பாக்டீரியாவைவிடச் சிறியது ஏதோ ஒன்று உள்ளே இருந்தது. 1930களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகே அதை மனிதர் கண்ணால் கண்டனர்.

ஐந்து வகை, ஐந்து உடலமைப்பு

பாக்டீரியா: ஒரே உயிரணு. அதற்குள் தனியாக உட்கரு கிடையாது. பெரும்பாலானவற்றுக்கு வெளியே கெட்டியான சுவர் உண்டு. உணவு கிடைத்தால் தானே வளரும், இரண்டாகப் பிரியும். உருண்டை, கோல், சுருள் என வடிவங்கள் பல. காசநோய், டைபாய்டு, காலரா ஆகியவை பாக்டீரியாவால் வருபவை.

வைரஸ்: கோவிட் காலத்தில் நம் செய்திகளில் 'கோறனி நச்சில்' என்று படித்தோமே, அந்த நச்சில்தான் இது. இது உயிரணுவே இல்லை. தன்னைப்போல் இன்னொன்றைச் செய்வதற்கான மரபுக் குறிப்பும் அதைச் சுற்றிப் புரத உறையும்தான் அதன் உடல். சிலவற்றுக்கு மேலே ஒரு கொழுப்புப் போர்வையும் இருக்கும். சமையல் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டு அடுப்பிலும் அரிசியிலும் சமைப்பவரைப் போன்றது வைரஸ். நம் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் இயந்திரங்களைக் கொண்டே தன் நகல்களைச் செய்துகொள்ளும். டிங்கி, சளிக்காய்ச்சல், தட்டம்மை, ரேபிஸ் எல்லாம் வைரஸ் வேலை.

புரோட்டோசோவா: இதுவும் ஒரே உயிரணுதான். ஆனால் உள்ளே உட்கரு உண்டு. உள்ளமைப்பில் பாக்டீரியாவைவிட நம் உயிரணுவுக்கு நெருங்கிய உறவு. மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியமும் சீதபேதியைத் தரும் ஒருவகை அமீபாவும் இந்த வகை.

பூஞ்சை: பூஞ்சணம், ஈஸ்ட், காளான் மூன்றும் ஒரே குடும்பம். படர்தாமரை, தேமல், நாள் முழுவதும் ஈரக் காலணியோடு வேலை செய்பவர்களின் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் ஆகியவை பூஞ்சையால் வருபவை.

பாசி: சூரிய ஒளியில் தானே உணவு தயாரித்துக்கொள்ளும். பெரும்பாலும் தீங்கு இல்லை. ஆனால் சபா கடலோரத்தில் சில காலங்களில் ஒருவகை நுண்பாசி பெருகிக் கடல்நீரின் நிறத்தையே மாற்றிவிடும். அப்போது அங்குள்ள சிப்பிகளைத் தின்றால் அதன் நஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த ஐந்தில் ஒவ்வொன்றின் உடலும் வேறு. உடல் வேறானால் அதைத் தாக்கும் வழியும் வேறு. மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய முதல் கருத்து இதுதான்.

இருபது நிமிடக் கணக்கு

ஈ.கோலி போன்ற பாக்டீரியா, தேவையான சூடும் ஈரமும் உணவும் கிடைத்தால் சுமார் 20 நிமிடத்தில் இரண்டாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒரு மணி நேரத்தில் எட்டு. நான்கு மணி நேரத்தில் 4,096. எட்டு மணி நேரத்தில் 16,777,216. கால்குலேட்டரில் 2-ஐ 24 முறை பெருக்கிச் சரிபாருங்கள்.

காலையில் சமைத்த சோற்றையும் தேங்காய்ப்பால் கறியையும் மாலைவரை மேசையில் மூடி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. நம் நாட்டு வெப்பம் பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்தமானது. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை அவற்றுக்குக் கொண்டாட்டம். "மறுபடியும் சுட வைத்தால் சரியாகிவிடும்" என்று நினைப்பதும் தவறு. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, சமைக்கும்போதும் சாகாத வித்துகளை உருவாக்கும். ஆறிய சோற்றில் அவை முளைத்துப் பெருகும். அவற்றில் சில உண்டாக்கும், வாந்தி வரவழைக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. கோயில் அன்னதானமோ பிறந்தநாள் விருந்தோ, சமைத்த உணவை நான்கு மணி நேரத்திற்குள் உண்டு முடிப்பதே பாதுகாப்பு. குளிர்ப்பெட்டி பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கும், கொன்றுவிடாது.

எல்லாக் கிருமியும் எதிரி இல்லை

நோய் தருபவை நுண்ணுயிர்களில் மிகச் சிறிய பங்கு. இரவில் அரைத்து வைத்த தோசை மாவு காலையில் பொங்கி நிற்பது லாக்டிக் அமிலப் பாக்டீரியாவின் உழைப்பு. தயிரும் அவற்றால்தான். சந்தையில் வாங்கும் தெம்பே, சோயா அவரையைப் பூஞ்சை ஒன்று பின்னிப் பிடித்ததால் கட்டியானது. தப்பாய் இனிப்பது, ராகியில் உள்ள பூஞ்சையும் ஈஸ்ட்டும் அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதால்.

தோட்டத்திலும் அவை வேலை செய்கின்றன. மங்கில் விட்ட ரப்பர் பால் தானாக உறைந்து கட்டிப்பால் ஆவதற்கு ஒரு காரணம், பாக்டீரியா அதில் பெருகி அதைப் புளிக்க வைப்பதுதான். கட்டிப்பால் மூட்டையின் அந்த நாற்றமும் அவற்றின் கைவரிசை. இளம் ரப்பர், செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே நிலத்தை மூடிப் படர விடும் அவரை இனக் கொடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றில் உள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கித் தருகிறது. செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளங்களில் கழிவைத் தின்று எரிவாயுவாக மாற்றுவதும் நுண்ணுயிர்கள்தான்.

தோட்டத்து நான்கு காய்ச்சல்கள்

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்குத் திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. முதல் இரண்டு மூன்று நாளில் வெளியே தெரிவது இவ்வளவுதான். ஆனால் உள்ளே இருப்பது குறைந்தது நான்கில் ஒன்றாக இருக்கலாம்.

முதலாவது மலேரியா. இது புரோட்டோசோவா. அனோபிலிஸ் கொசு கடித்துப் பரவும். அந்தக் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி இருப்பதை 1897-இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தார். நம் முன்னோர்க்கு இது வெறும் பாடம் இல்லை. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில், கப்பலேறி வந்த தமிழர் பலரை மண்ணில் புதைத்த காய்ச்சல் இது. 'கொயினா' மாத்திரையின் கசப்பைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

1901-இல் கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார். ஊரில் மலேரியா வெகுவாகக் குறைந்தது. ஆனால் மலைச்சரிவுத் தோட்டங்களில் புதர்களை வெட்டி ஓடைகளைத் திறந்துவிட்டபோது காய்ச்சல் கூடியது. காரணம், தாழ்நிலத்தில் மலேரியா பரப்பிய கொசு நிழலான தேங்கிய நீரை விரும்பியது. மலைப்பகுதிக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையை விரும்பியது. அனோபிலிஸ் என்ற ஒரே பெயருக்குள்ளும் இனம் வேறு, குணம் வேறு. பிறகு அங்கே ஓடை நீரை நிலத்தடிக் குழாயில் விட்டும், நீரின்மேல் எண்ணெய் தெளித்தும் கட்டுப்படுத்தினார்கள்.

2018 முதல் மனித மலேரியா நம் நாட்டுக்குள்ளேயே தொற்றியதாகப் பதிவு இல்லை. ஆயினும் குரங்குகளிடம் இருந்து கொசு வழியாக வரும் பிளாஸ்மோடியம் நோலெசி என்ற இன்னொரு மலேரியா இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது அவ்வளவாகக் கடுமையில்லாத வேறொரு மலேரியாவைப் போலவே தெரியும். சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பேராசிரியர் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ் சிங்கும் நோயாளிகளின் ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து, பலருக்கு இருந்தது நோலெசிதான் என்று 2004-இல் வெளியிட்டனர். இது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பெருகும் என்பதால் விரைவில் கடுமையாகிவிடும். காட்டோரத்தில் வேலை செய்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது டிங்கி. இது வைரஸ். ஏடிஸ் கொசு பரப்பும். அந்தக் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கும் சுத்தமான நீரே அதற்குப் போதும். டிங்கி வைரஸில் நான்கு வகை உண்டு. ஒருமுறை வந்தால் அந்த வகைக்கு எதிர்ப்பு கிடைக்கும், மற்ற மூன்றுக்கு நிலையான எதிர்ப்பு கிடையாது. இரண்டாம் முறை வேறு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மிகுந்த சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவை ரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடும்.

மூன்றாவது எலிச்சிறுநீர்க் காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவ பாக்டீரியா இதைத் தருகிறது. எலியின் சிறுநீர் வழியாக நீரிலும் சேற்றிலும் கலக்கும். காலில் உள்ள சிறு வெட்டுக்காயம், கண், வாய் வழியாக உள்ளே புகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சிலருக்கு அடையாளம். முற்றினால் மஞ்சள்காமாலை, சிறுநீரகப் பாதிப்பு. வெள்ளத்தில் நடந்தவர், கால்வாய் சுத்தம் செய்தவர், நீர்வீழ்ச்சியில் குளித்தவர் யாருக்கும் வரலாம். நம் நாட்டில் இது 2010 முதல் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்.

நான்காவது உண்ணிக்காய்ச்சல். ஸ்கிரப் டைபஸ் என்பார்கள். இதுவும் பாக்டீரியாதான். ஆனால் நம் உயிரணுவுக்குள் புகுந்துதான் வாழும். லாலான் புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணியின் குஞ்சு கடித்துப் பரவும். கடித்த இடத்தில் சிலருக்குக் கருத்த பொருக்கு தெரியும். ஒரு காலத்தில் இதற்கு மருந்தே இல்லை. 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஜோசஃப் ஸ்மேடலின் குழு, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து, குளோராம்பெனிக்கால் என்ற மருந்து இந்தக் காய்ச்சலைக் குணமாக்கும் என்று இங்கேதான் நிரூபித்தது. அதே மருந்து டைபாய்டையும் குணமாக்கும் என்பதையும் அந்தக் குழுவே கண்டது.

இப்போது நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எலிச்சிறுநீர்க் காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் பாக்டீரியாவைத் தாக்கும் மருந்தைக் காலத்தோடு கொடுத்தால் ஆள் பிழைப்பார். அதே மருந்து டிங்கி வைரஸை ஒன்றும் செய்யாது. மலேரியாவுக்கு மலேரியா மருந்தே வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் வைத்தியம் வேறு. டாக்டர் கேட்ட கேள்விகளும் எடுத்த ரத்தமும் இந்த நான்கையும் பிரித்தறியத்தான்.

கிருமியைத் தவறாகப் புரிந்துகொண்டால்

எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் நாடு பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

1998 செப்டம்பர் வாக்கில், ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரத் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அந்த வைரஸ் பன்றியின் உடலில் பெருகிக் கொசு வழியாக மனிதருக்கு வரும். எனவே கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பன்றிகளை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோனபோது நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

சில விஷயங்கள் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பெரும்பாலும் பண்ணையில் வேலை செய்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசுதான் காரணம் என்றால் பக்கத்து வீட்டாரையும் கடித்திருக்க வேண்டும்; பன்றியைத் தொடாத அண்டை வீட்டார் பெரும்பாலும் நலமாக இருந்தார்கள். பன்றிகளும் இருமிச் செத்தன.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து ஆய்வுக்கூட உயிரணுக்களில் விட்டார். அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய திரளாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸின் வழக்கம் அதுவன்று. 1999 மார்ச்சில் மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள ஆய்வுக்கூடத்திற்குப் போனார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது தட்டம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புது வைரஸ். நோயாளியின் கிராமமான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நிப்பா வைரஸ்.

கொசுவுக்கு இதில் பங்கே இல்லை. பன்றியை நேரடியாகத் தொடுவதால் பரவியது. உண்மை தெரிந்ததும் செய்ய வேண்டியதும் தெளிவானது. பண்ணையில் வேலை செய்பவர்களுக்குக் கையுறை, முகக்கவசம். நோய்ப் பகுதியில் பன்றிகள் அழிப்பு. ஏறக்குறைய ஒரு மில்லியன் பன்றிகள் கொல்லப்பட்டன. சில வாரங்களில் நோய் அடங்கியது. ஆனால் அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்திருந்தார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கு வந்து ஒருவர் இறந்தார். வைரஸின் பிறப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பதும் பின்னர் தெரியவந்தது. பண்ணையோரப் பழமரங்களுக்கு வந்த வௌவால்கள் கடித்துப் போட்ட பழத்தின் வழியே பன்றிகளுக்கு அது சென்றிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அன்று வேலை செய்த அதிகாரிகளுக்கு அக்கறை இல்லாமல் போகவில்லை. கிருமியின் பெயர் மாறியதால் வைத்த குறி மாறிப்போனது. நுண்ணுயிரியல் படிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆண்டிபயாடிக் எங்கே குறி வைக்கிறது?

"டாக்டர், நல்ல ஆண்டிபயாடிக்காகக் கொடுங்கள், சளி சீக்கிரம் போகட்டும்." கிளினிக்குகளில் தினமும் கேட்கும் வேண்டுகோள் இது. மேலே சொன்ன உடலமைப்பை நினைவுபடுத்திக்கொண்டால், இது ஏன் பயன்படாது என்பது விளங்கும்.

1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங், பாக்டீரியா வளர்த்த தட்டில் தவறுதலாக விழுந்த பூஞ்சணம் சுற்றியிருந்த பாக்டீரியாவை அழித்திருப்பதைக் கண்டார். அதிலிருந்து வந்தது பென்சிலின். பென்சிலின் தாக்குவது பாக்டீரியாவின் சுவர் கட்டும் வேலையை. சுவர் பலவீனமானதும் பாக்டீரியா வெடித்துச் சாகும். நம் உயிரணுவுக்கு அப்படிப்பட்ட சுவர் இல்லாததால் அது நம்மைத் தாக்குவதில்லை. வைரஸுக்கும் சுவர் கிடையாது. இடிக்கச் சுவரே இல்லாத இடத்தில் கடப்பாரையால் என்ன பயன்? சாதாரண சளி வைரஸால் வருவது. அதற்கு ஓய்வும் நீரும் உடலின் எதிர்ப்புச் சக்தியுமே மருந்து. சில வைரஸ்களுக்குத் தனி மருந்துகள் உண்டு. பலவற்றுக்குத் தடுப்பூசியே சிறந்த வழி. ஆனால் அவை ஆண்டிபயாடிக் இல்லை.

பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று கேட்கலாம். கெடுதல் உண்டு. நம் உடலில் கோடிக்கணக்கான பாக்டீரியா ஏற்கெனவே வாழ்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு, பிறக்கும்போதே சிறு மரபு மாற்றத்தால் அந்த மருந்தைத் தாங்கும் குணத்தோடு இருக்கலாம். தேவையில்லாமல் மருந்து விழுங்கினால் மற்றவை செத்து, தாங்கியவை மட்டும் மிஞ்சும். மிஞ்சியவை இருபது நிமிடக் கணக்கில் பெருகும். அந்தக் குணத்தை அண்டையில் உள்ள வேறு பாக்டீரியாவுக்கும் கடத்தும். பிறகு ஒரு நாள் உண்மையிலேயே பாக்டீரியா நோய் வரும்போது மருந்து வேலை செய்யாது.

காசநோயில் இதைத் தெளிவாகக் காணலாம். அந்தப் பாக்டீரியா ஒருமுறை இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். மெதுவாக வளர்வதால் சாவதும் மெதுவாகத்தான். அதனால் வழக்கமாக ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது என்று நிறுத்தினால், மிஞ்சியவை மருந்தைத் தாங்கும் இனமாக மாறித் திரும்பலாம். அப்போது சிகிச்சை மேலும் நீண்டதாகவும் கடினமாகவும் ஆகும். வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் அதே இனம் பரவலாம்.

எனவே டாக்டர் கொடுத்த ஆண்டிபயாடிக்கை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மீதியைப் பத்திரப்படுத்தி அடுத்த காய்ச்சலுக்கு எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

அந்த மாணவியின் தந்தைக்கு என்ன ஆயிற்று என்று வகுப்பில் கேட்டேன். மழைக்குப் பிறகு அடைத்துக்கொண்ட கால்வாயை, காலில் வெட்டுக்காயத்தோடு இறங்கிச் சுத்தம் செய்ததை அவர் முதலில் சொல்லவே இல்லையாம். டாக்டர் இரண்டாம் முறை கேட்டபோதுதான் நினைவு வந்து சொல்லியிருக்கிறார். சோதனையில் எலிச்சிறுநீர்க் காய்ச்சல் என்று தெரிந்தது. ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள். இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார்.

"அப்ப, நம்ம புத்தகத்துல இருக்கிற டேபிளைத்தான் டாக்டர் அப்பாகிட்ட கேள்வியா கேட்டிருக்காரு" என்றார் மாணவி. அதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து கிளினிக்குப் போகும்போது, மாணவர்களாகிய நீங்களும் கூடப் போங்கள். கீழ்க்கண்டவற்றை அப்பா அம்மா மறந்தாலும் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்:

காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, இன்று எத்தனையாவது நாள்.

கடந்த ஒரு மாதத்தில் வெள்ளநீர், கால்வாய், ஆறு, நீர்வீழ்ச்சி எதிலாவது இறங்கினாரா. அப்போது உடலில் காயம் இருந்ததா.

காட்டோரம், புதர், லாலான் நிலத்தில் வேலை செய்தாரா. உடம்பில் எங்காவது கருத்த பொருக்கு இருக்கிறதா.

வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ டிங்கி கண்டவர் உண்டா. முன்பு டிங்கி வந்திருக்கிறதா.

பன்றி, ஆடு, மாடு, கோழி, எலி போன்றவற்றோடு நெருங்கிய வேலை உண்டா.

கடையிலோ வீட்டிலோ எடுத்து ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிட்டார்.

இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். நுண்ணோக்கி எடுத்துப் பார்க்கும் முன்பே, எந்தக் கிருமியைத் தேட வேண்டும் என்று டாக்டருக்கு வழிகாட்டுவது இந்த ஐந்து நிமிடம்தான்.